தொங்கும் படுக்கையும் தார்ப்பாயும்

கோடை விடுமுறையில் இளைஞர் குழுவினரை மலைப்பக்கம் அழைத்துச் சென்று இரண்டு இரவுகள் மரங்களின் நடுவே தங்கச் செய்யும் வழக்கம் நம் பங்கில் சில ஆண்டுகளாக உண்டு. கூடாரங்கள் விலை மிகுந்தவை; தரையோ ஈரமும் அட்டையும் நிறைந்தது. ஆகவே 2023 மே மாதம் ஏற்காட்டு மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் தங்கியபோது, இரு மரங்களுக்கிடையே துணியைக் கட்டித் தொங்கவிட்டு அதில் உறங்கும் தொங்குபடுக்கைகளை வாங்கிச் சென்றோம். மேலே மழைக்குத் தார்ப்பாய். இவ்வளவு எளியதொன்றில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றே அன்று நாம் எண்ணியிருந்தோம்.

முதல் நாள் மாலை பிள்ளைகள் ஆளுக்கொரு படுக்கையைக் கட்டினார்கள். அவற்றுள் ஒன்று நடுவில் மிகவும் தாழ்ந்திருந்தது. அதைக் கண்ட நாம், "இது என்ன, தூளி போல் தொய்கிறதே, நன்றாக இழுத்துக் கட்டுங்கள்" என்றோம். சொல்லிய வண்ணமே இருவர் மரத்தில் காலை ஊன்றி இழுத்துக் கட்டினர். படுக்கை வீணைத் தந்தி போல் விறைத்து, நெஞ்சளவு உயரத்தில் நின்றது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எம்பி அதில் உட்கார்ந்தான். 'பட்'டென்ற ஓசை, கயிறு அறுந்து, மரத்தின் வேரின்மீது மல்லாந்து விழுந்தான். சற்று நேரம் அவனால் பேசவும் இயலவில்லை, எழவும் இயலவில்லை. அவனை அசைக்காமல் பலகையில் கிடத்தி, ஜீப்பில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்திற்கு இறங்கிய அந்த இரவை நாம் எளிதில் மறக்கமாட்டோம். இறையருளால் எலும்பு எதுவும் முறியவில்லை. ஆயினும் விடியற்காலையில் அவன் தாயாருக்குத் தொலைபேசியில் செய்தி சொல்ல வேண்டியிருந்தது. அவர் கேட்ட முதற் கேள்வி, "சாமி, கயிறு எப்படி அறுந்தது?" என்பதே. நம்மிடம் விடை இல்லை.

விடையைப் பின்னர் நாமே தேடிக் கண்டோம். குருமடத்தில் தத்துவம் பயிலுமுன் கல்லூரியில் பயின்ற பௌதிகம், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து இவ்வாறு உதவிக்கு வந்தது. பாரம் கீழ்நோக்கி இழுக்கிறது. கயிறோ பக்கவாட்டில் செல்கிறது. கயிறு எவ்வளவு படுக்கைவாக்கில் இருக்கிறதோ, அந்தப் பாரத்தைத் தாங்க அது அவ்வளவு மிகுதியாக இழுபட வேண்டும். 50 கிலோ எடையுள்ள பையன் படுக்கும்போது, கயிறு கிடைமட்டத்திற்கு 30 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கக் கயிறும் 50 கிலோ பாரத்தைத் தாங்கும். 10 பாகையாகக் குறைந்தால் அது 144 கிலோ ஆகிறது. 5 பாகையில் 287 கிலோ! அதற்கும் மேல் அவன் எம்பிக் குதித்து உட்கார்ந்தால் எந்த மெல்லிய கயிறுதான் தாங்கும்? இழுத்துக் கட்டுவதே உறுதி என்று நாம் எண்ணியதுதான் தவறு. அறுத்தது கடைக்காரர் தந்த கயிறன்று, நமது சொல்லே.

நம் தாய்மார் சேலையில் கட்டும் தூளியை எண்ணிப் பாருங்கள். இரு முனைகளையும் உத்தரத்தில் ஒரே இடத்தில் கட்டுகிறார்கள். துணி ஏறக்குறைய நேராகக் கீழே தொங்குவதால் ஒவ்வொரு பக்கமும் குழந்தையின் எடையில் பாதியைத் தாங்கினால் போதும். "தூளி போல் தொய்கிறதே" என்று நாம் குறை சொன்னோமே, அந்தத் தொய்விலேதான் பாதுகாப்பு இருந்தது.

30 பாகையை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். மரத்திலிருந்து படுக்கையின் முனைவரை கயிறு இரண்டு முழம் நீளமானால், மரத்தில் கட்டிய இடம் படுக்கை முனையைவிட ஒரு முழம் உயர்ந்திருக்க வேண்டும். அவ்வளவே கணக்கு. மரங்கள் 12 முதல் 15 அடி இடைவெளியில் இருப்பது நலம். மரத்தில் தலையுயரத்தில் கட்டி, ஆள் உட்கார்ந்தபின் படுக்கை நாற்காலி உயரத்திற்கு வரும்படி சரிசெய்ய வேண்டும். அப்போது எது அறுந்தாலும் விழுவது ஒன்றரை அடிக்கு மேற்படாது. நெஞ்சளவு உயரத்தில் யாரையும் படுக்க விடலாகாது. முதலில் கையால் அழுத்திப் பார்த்து, பின்பு மெல்ல உட்கார்ந்து, அதன்பின்னரே காலைத் தூக்க வேண்டும்.

கயிற்றை நேரே மரத்தில் சுற்றுவதும் தவறு. மெல்லிய கயிறு பட்டையை அறுத்து உள்ளே பாயும்; மரத்தின் உணவு பட்டையை ஒட்டிய பகுதியின் வழியே அல்லவா இறங்குகிறது? லாரியில் பாரம் கட்டும் அகன்ற பாலியெஸ்டர் பட்டை போன்ற ஒன்றை மரத்தில் சுற்றி, அதில் கயிற்றைக் கோக்க வேண்டும். நைலான் நனைந்தால் நீளும். இரவில் படுக்கை இறங்கிவிடும்.

எந்த மரம் என்பதும் முக்கியம். தோட்டத்தில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரங்கள் நேராகவும் வரிசையாகவும் நிற்பதால் பிள்ளைகள் அவற்றையே நாடினார்கள். அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒருவர், "அண்ணாந்து பார்த்தீங்களா சாமி?" என்றார். பார்த்தோம். காய்ந்த கிளை ஒன்று மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அம்மரத்தின் கிளைகள் காற்றில் எளிதில் முறிபவை. அன்று முதல் அடிமரத்தைப் பார்ப்பதற்கு முன் உச்சியைப் பார்ப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

படுக்கும் முறைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் படுக்கை இது. 1492-இல் கொலம்பசு அங்குச் சென்றபோது இதைக் கண்டார். 'ஹமாகா' என்னும் அவர்தம் சொல்லே ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்தில் 'ஹம்மக்' ஆயிற்று. ஆங்கிலேயக் கடற்படை 1597-இல் இதைத் தன் மாலுமிகளுக்கு ஏற்றுக்கொண்டது. கப்பல் எப்பக்கம் சாய்ந்தாலும் படுத்திருப்பவர் உருண்டு விழுவதில்லை. கடலில் இறந்த மாலுமியை அவன் படுத்த துணியிலேயே வைத்துத் தைத்து அடக்கம் செய்வதும் உண்டு. இது நிற்க. மெக்சிகோவின் யுகாத்தான் பகுதி மக்கள் இதில் நீளவாக்கில் படுப்பதில்லை. குறுக்குச் சாய்வாகப் படுக்கிறார்கள். அப்படிப் படுத்தால் முதுகு வில்லாக வளையாமல் ஏறக்குறைய நேராகிறது. நீளவாக்கில் படுத்து, "முதுகு வலிக்கிறது" என்று முனகியவர்களில் நாமும் ஒருவர்.

இனித் தார்ப்பாய். ஆங்கிலச் சொல்லைத் தமிழர் நாவு எவ்வளவு அழகாகத் தனதாக்கிக்கொண்டது பாருங்கள்! கீல் பூசிய துணி என்பதே மூலப்பொருள். நமக்கோ அது தாரும் பாயுமாக ஒலிக்கிறது. படுக்கைக்கு முன் அதைக் கட்ட வேண்டும், அவிழ்க்கும்போது கடைசியில் அவிழ்க்க வேண்டும். அப்போதுதான் மழையில் வந்து சேர்ந்தாலும் துணி நனையாது. படுக்கைக்கு மேலாக இரு மரங்களுக்கிடையே ஒரு கயிற்றை விறைப்பாகக் கட்டி (இதில் ஆள் படுப்பதில்லை, விறைப்பு இங்கே ஆகும்), அதன்மேல் பாயை இருபுறமும் சரிவாகப் போட்டு, ஓரங்களை முளைகளில் இழுத்துக் கட்ட வேண்டும். முளையின் தலை பாய்க்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்கட்டும். காற்று மிகுந்தால் ஓரங்களைத் தாழ்த்தலாம்.

பாய் பெரிதாயிருந்தும் இரண்டாம் இரவு இருவர் நனைந்தார்கள். மழைநீர் மரத்தில் வழிந்து, பட்டையில் இறங்கி, படுக்கைக் கயிற்றின் வழியே உள்ளே வந்துவிட்டது. தார்ப்பாய்க்கு உட்புறம், படுக்கை தொடங்குமுன் கயிற்றில் ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிட்டால், நீர் அங்கே சொட்டிவிடும். ஒரு சாண் நூல்! அதை அறியாமையால் இரு பிள்ளைகள் விடியும்வரை அடுப்படியில் நடுங்கிக் கிடந்தார்கள். குளிர் கீழிருந்தும் வரும். முதுகுக்கடியில் போர்வை நசுங்கிவிடுவதால் அது காப்பதில்லை. படுக்கைக்கு அடியில் வெளியே இன்னொரு போர்வையைத் தொங்கக் கட்ட வேண்டும். கொசுவும் துணியின் ஊடே கடிக்கும் என்பதால் அதற்கும் இது மருந்து. ஆனால் இடி மின்னல் தொடங்கினால் பாயையும் படுக்கையையும் விட்டுவிட்டுக் கட்டடத்திற்குள் ஓடுவதே அறிவு. மரத்தடி அப்போது இடமன்று.

2024 கோடையில் மீண்டும் அதே தோட்டத்திற்குச் சென்றோம். விழுந்தவன் வருவானோ என்று ஐயுற்றோம். அவன் தாயாரே அனுப்பிவைத்தார். அன்று மாலை அவன் மரத்திற்கு மரம் சென்று, முழத்தால் அளந்து, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தான். நமது படுக்கையின் அருகே வந்ததும் சற்று நின்றான். "சாமி, இது ரொம்ப விறைப்பா இருக்கு" என்று சொல்லி, நம்மைக் கேளாமலே அவிழ்க்கத் தொடங்கினான்.