தாய்ப்பாலா, புட்டிப்பாலா?

'நெகடிவ்' என்று ரிசல்ட் வந்துவிட்டால் என்ன செய்வோம்? 'அப்பாடா!' என்று ஃபைலைக் கட்டி பீரோவில் வைத்துவிடுவோம். எச்.ஐ.வி. உள்ள அம்மாவுக்குப் பிறந்த குழந்தையின் ரத்தத்தில் கிருமி இல்லை என்றால், டாக்டர்களும் ரொம்ப நாள் அதைத்தான் செய்தார்கள். கட்டின ஃபைலை மறுபடி பிரிக்க வைத்த இடங்களில் ஒன்று, தென் ஆப்பிரிக்காவுக்குத் தலைமாட்டில் இருக்கும் போட்ஸ்வானா.

வைரச் சுரங்கம் உள்ள தேசம். கையில் காசு உண்டு. ஆனால் 2000-ஐ ஒட்டிய வருஷங்களில், அங்கே கர்ப்பிணிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எச்.ஐ.வி.! மருந்தே கொடுக்காவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை கிருமி தொற்றும். வயிற்றில் இருக்கும்போது, பிறக்கும்போது, அப்புறம் தாய்ப்பால் வழியாக. அரசாங்கம் யோசித்தது. பாலில் கிருமி வருகிறதா? நிறுத்து பாலை! அம்மாவுக்கு மாத்திரை, குழந்தைக்கு இலவசப் பால் பவுடர் டின். கணக்கு கச்சிதமாகத்தான் இருந்தது.

நமக்கு மசி என்றால் பேனாவில் ஊற்றுவது. அவர்களுடைய செட்ஸ்வானா மொழியில் 'மஷி' என்றால் பால். அந்தப் பெயரிலேயே 2001-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. 1,200 கர்ப்பிணிகள். பாதிப் பேரின் குழந்தைகளுக்குப் புட்டிப்பால். மீதிப் பேருக்குத் தாய்ப்பால், கூடவே குழந்தைக்கு ஆறு மாசம் மருந்து.

ஏழாவது மாசம் எண்ணிப் பார்த்தார்கள். கிருமி தொற்றியது புட்டிப்பால் கோஷ்டியில் 5.6 சதவீதம், தாய்ப்பால் கோஷ்டியில் 9 சதவீதம். 'பார்த்தீங்களா, நாங்க சொன்னோமே!' என்று யாராவது மேஜையைத் தட்டுவதற்குள் அடுத்த கணக்கு வந்தது. இறந்துபோன குழந்தைகள் புட்டிப்பாலில் 9.3 சதவீதம், தாய்ப்பாலில் 4.9! ஒன்றரை வயசில் கிருமி இல்லாமல் உயிரோடு இருந்தவர்களை எண்ணினால், இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். ஒரு கையால் காப்பாற்றியதை இன்னொரு கையால் பறிகொடுத்திருந்தார்கள்.

2006 ஆரம்பத்தில் பெய்த பேய்மழையில் இது இன்னும் பட்டவர்த்தனமாகிவிட்டது. குடிதண்ணீர் கெட்டது. ஊரெங்கும் பேதி. ஆஸ்பத்திரிகளில் வந்து விழுந்த கைக்குழந்தைகளில் பெரும்பாலானவை தாய்ப்பால் குடிக்காதவை. அம்மாவுக்கு எச்.ஐ.வி., பிள்ளைக்கு இல்லை என்ற ரகம்தான் நிறைய. ரத்தப் பரிசோதனையில் பாஸான பிள்ளை, வயிற்றுப்போக்கில் போய்ச் சேர்ந்தது.

பவுடர் மேல் தப்பில்லை சார். கொதிக்க வைக்க அடுப்பு வேணும், கழுவிய புட்டி வேணும், நல்ல தண்ணீர் வேணும். தாய்ப்பாலோடு வரும் எதிர்ப்புச் சக்தியோ எந்த டின்னிலும் கிடையாது. போதாததற்கு, எச்.ஐ.வி. உள்ள தாயிடமிருந்து கர்ப்பத்திலேயே குழந்தைக்குப் போகும் எதிர்ப்புச் சக்தி குறைச்சல்.

வழி பிறந்தது, அம்மாவுக்கே மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோது. 2006-ல் அங்கேயே தொடங்கிய 'ம்மா பானா' ஆராய்ச்சியில், கர்ப்பத்திலும் பால் கொடுத்த மாசங்களிலும் தாய்மார்கள் மாத்திரை சாப்பிட்டார்கள். கிருமி தொற்றியது சுமார் நூற்றுக்கு ஒரு குழந்தைக்குத்தான்! 2010-ல் உலக சுகாதார நிறுவனமும், 'மருந்தோடு தாய்ப்பால் கொடுக்கலாம்' என்ற வழியை அறிவித்தது.

கதை இதோடு முடியவில்லை. அம்மாவுக்கு எச்.ஐ.வி., தனக்கு இல்லை என்ற குழந்தைகள் உலகத்தில் இன்று சுமார் 1.6 கோடி. இவர்கள் மற்ற பிள்ளைகள் போலவே வளர்கிறார்களா?

கேப் டவுன் பக்கத்தில் பார்ல் என்ற ஊர். அங்கே ட்ராக்கன்ஸ்டீன் ஆராய்ச்சிக்காரர்கள், இரண்டு வயசுக் குழந்தைகளை உட்கார வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2019-ல் வெளிவந்தது. புத்தியிலும் கைகால் வேகத்திலும் வித்தியாசம் இல்லை. ஆனால் பேச்சில்... சொன்னதைப் புரிந்துகொள்வதிலும் பதில் சொல்வதிலும் இந்தப் பிள்ளைகளில் பலர் பின்தங்கியிருந்தார்கள்.

காரணம் வயிற்றிலேயே பட்ட கிருமியின் நிழலா, மருந்தா, வீட்டு வறுமையா, அம்மாவின் மனச்சோர்வா? நூல் சிக்கல் மாதிரி பின்னிக் கிடக்கிறது. உடனே, 'அப்ப மருந்தை நிறுத்திடலாமா?' என்று கேட்டுவிடாதீர்கள். அந்த மருந்து இல்லாவிட்டால் இவர்களில் பல பேருக்கு எச்.ஐ.வி.யே வந்திருக்கும்!

அந்தப் பார்ல் குழந்தைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆராய்ச்சிக்காரர்களும் விடாமல் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறார்கள்.