ஆங்கிலத்துறையினரின் தமிழ்ப்பணி

பாடப்புத்தகத்தின் ஓரத்தில் மாணவன் ஏதேனும் கிறுக்கினால் ஆசிரியர்களாகிய நாம் கண்டிக்கிறோம். அந்தக் கிறுக்கல்களையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர் ஓர் ஆங்கில விரிவுரையாளர். 1984 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜாவே அவர்.

அவரது வகுப்பிற் பயன்பட்டது ‘அமெரிக்கன் கேர்ணல் லெசன்ஸ்’ என்ற பாடநூல். அதில் வருவோரின் வாழ்க்கைக்கும் போர்க்கால யாழ்ப்பாணத்து மாணவரின் வாழ்க்கைக்கும் வெகுதூரம். மாணவர் வாய்திறந்து மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் புத்தகத்தின் ஓரங்களில் தமிழ்ச் சினிமாவும் விடுதலைப் போராட்டமும் எழுத்தாகவும் படமாகவும் இடம்பிடித்தன. இதைக் கவனக்குறைவென்று அவர் ஒதுக்கவில்லை. அந்நியப் பாடத்துக்கு மாணவர் காட்டிய மௌனமான எதிர்ப்பை அதிற் கண்டார். ஆங்கிலம் கற்பித்தலில் மொழி ஏகாதிபத்தியத்தை எதிர்கொள்வது பற்றிய அவரது நூலை 1999இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது.

ஆய்வெழுத்தின் புவிசார் அரசியல் பற்றிய அவரது அடுத்த நூல் 2002இல் வந்தது. நம்மவரின் ஆய்வுகள் மேலைநாட்டுச் சஞ்சிகைகளில் அருகியே காணப்படுவதேன்? சிந்தனை வறுமையா? இல்லை என்கிறார் அவர். அன்று மின்சாரமிருக்கவில்லை, தாளுக்குத் தட்டுப்பாடு நிலவியது, தபால் ஒழுங்காக வரவில்லை. சஞ்சிகைகளோ திருத்தமாகத் தட்டச்சிட்ட பல பிரதிகளைக் கேட்டன. அறிவுலகின் வாசலை இத்தகைய சிறு நிபந்தனைகளும் அடைத்துவிடுகின்றன என்பதே அவர் கூறும் செய்தி.

ஆக்க இலக்கியத்தின் பக்கம் திரும்பினால், செல்வா கனகநாயகம் நினைவுக்கு வருகிறார். யாழ்ப்பாணத்திற் கற்பித்து, பின்னர் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராயிருந்து, 2014இல் மறைந்தவர். ஆங்கில நாவல்களைப் பற்றி ஆராய்ந்த அதே கையால் ஈழத்துத் தமிழ் எழுத்தையும் ஆங்கில வாசகருக்குக் கொண்டுசென்றார். 2001இல் அவர் தொகுத்த நூலில் ஈழத்துக் கவிதைகளும் சிறுகதைகளும் ஆங்கில உருப்பெற்றன. சேரன், ஜெயபாலன், புதுவை இரத்தினதுரை ஆகிய மூவரின் கவிதைகள் 2009இல் தனித் தொகுப்பாயின. உலகத் தமிழ்க் கவிதைத் தொகுப்பு 2013இல் வந்தது.

ஆங்கிலத்துறை தமிழுக்குப் புறம்பானது என்ற எண்ணம் தமிழாசிரியர் பலரிடம் உண்டு. எனக்கும் இருந்தது. இந்நூல்கள் அதை மாற்றின. ஒருவர் நமது வகுப்பறையை உலகுக்கு விளக்கினார். மற்றவர் நமது கவிதையை உலகின் காதுக்கு எட்டச் செய்தார். இவை ஆங்கில நூலடுக்கில் மட்டும் அடங்கிவிடாமல் தமிழ் கற்பிப்போர் மேசைக்கும் வரவேண்டும்.

நேயர்களே, இப்போதெல்லாம் ஓரத்திற் கிறுக்கிய கொப்பியைக் கண்டால் நான் முதலில் அதை வாசித்துப் பார்க்கிறேன். கண்டிப்பதா இல்லையா என்பது அதன் பின்னர்தான்.