எடுத்து வைத்த விதைநெல்: மைலோமாவுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை

முதுகு வலிக்குத் தைலம், சோர்வுக்கு இரும்புச்சத்து மாத்திரை. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மாதக்கணக்கில் இப்படியே நாளை ஓட்டுவது நம் வீடுகளில் சகஜம். பெரும்பாலும் அது சாதாரண முதுகு வலியாகவே இருக்கும். ஆனால் வலி விடாமல் தொடர்ந்து, ரத்தசோகையும் சேர்ந்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் ரத்தத்தில் ஏறியிருந்தால் ஒரு நோயைக் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டும். அதுதான் மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் உருவாகும் ரத்தப் புற்றுநோய்.

இந்த நோய்க்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்யலாம் என்று மருத்துவர் சொன்னதும் குடும்பம் பதறிப்போகிறது. "பெரிய ஆபரேஷனா? ஸ்டெம் செல்லை யார் கொடுப்பது?" என்பவைதான் முதல் கேள்விகள். மைலோமாவைப் பொறுத்தவரை ஆபரேஷன் கிடையாது. பெரும்பாலானோருக்கு வேறொருவர் தானம் தரவும் வேண்டாம். நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களையே எடுத்து வைத்து, அவருக்கே திருப்பித் தருகிறார்கள்.

எலும்புக்குள் நடப்பது என்ன?

கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளை உருவாக்குபவை மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள். அவற்றில் ஒன்று கட்டுப்பாடு இழந்து பெருகி, எதற்கும் உதவாத ஒரே வகைப் புரதத்தைக் கொட்டத் தொடங்குவதே மைலோமா. இதனால் எலும்பு அரிக்கப்படுகிறது. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கும்போதுகூட முதுகெலும்பு நொறுங்கலாம். எலும்பிலிருந்து கரைந்த கால்சியம் ரத்தத்தில் கூடுவதால் தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் வருகின்றன. தேவையற்ற புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது. சளி, நிமோனியா அடிக்கடி வருகின்றன.

சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரேசிஸ் போன்ற ரத்தப் பரிசோதனைகளும் மஜ்ஜைப் பரிசோதனையும் நோயைக் காட்டிக் கொடுத்துவிடும். அதுவரை மருந்துக்கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தை அந்த மாத்திரைகள் மேலும் கெடுக்கும்.

சிகிச்சையின் சூட்சுமம்

மெல்ஃபலான் என்பது மைலோமாவுக்கான பழைய மருந்து. 1983இல் லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் டிம் மெக்கெல்வைன் குழுவினர் அதை மிக அதிக அளவில் கொடுத்தபோது நோய் வேகமாக அடங்குவதைக் கண்டார்கள். ஆனால் அந்த அளவு மருந்து நல்ல மஜ்ஜையையும் சேர்த்து அழித்துவிடும்.

அதற்கு விடையாக வந்தவைதான் ஸ்டெம் செல்கள். எல்லா ரத்த அணுக்களும் பிறப்பது அவற்றிலிருந்துதான். வயலை அடியோடு உழுது களையெடுக்கும் முன் விதைநெல்லைப் பத்திரப்படுத்துவது போல, மருந்துக்கு முன்பே அவற்றை எடுத்து வைத்துவிடுகிறார்கள். உண்மையில் நோயை அழிப்பது மருந்துதான். ஸ்டெம் செல்கள் மஜ்ஜையை மீட்டுத் தருகின்றன.

200 நோயாளிகளிடம் நடந்த பிரெஞ்சு ஆய்வின் முடிவு 1996இல் வெளியானது. அன்றைய வழக்கமான கீமோதெரபி பெற்றவர்களில் 12 சதவீதம் பேரும், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 52 சதவீதம் பேரும் ஐந்தாண்டுகள் உயிரோடு இருப்பார்கள் என்று அது கணித்தது. இந்தச் சிகிச்சை உலகெங்கும் பரவ அது வழிவகுத்தது.

படிப்படியாக

முதலில் சில மாதங்கள் போர்டிசோமிப், லெனலிடோமைடு, டெக்ஸாமெத்தசோன் போன்ற மருந்துகளைக் கூட்டாகக் கொடுத்து நோயைக் குறைப்பார்கள். பிறகு நான்கைந்து நாட்கள் தினமும் ஓர் ஊசி. அது மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குக் கொண்டுவரும். எலும்பில் லேசான வலி இருக்கலாம். அதன் பின் ஒரு கருவி சில மணி நேரம் ரத்தத்தைச் சுற்றவிட்டு, ஸ்டெம் செல்களை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை உடலுக்கே திருப்பி அனுப்பும். உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் செல்கள் வேண்டும். அவற்றை உறைய வைப்பார்கள். இந்தியாவில் பல மையங்களில் உறைய வைக்காமல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் ஓரிரு நாட்கள் வைத்தும் பயன்படுத்துகிறார்கள்.

மெல்ஃபலான் ஏறும் நாளில் நோயாளியின் கையில் ஒரு கிண்ணம் ஐஸ் துண்டுகள் இருக்கும். மருந்து ஏறுவதற்குச் சற்று முன் தொடங்கி, முடிந்த பிறகும் அவற்றை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குளிரில் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அங்கே மருந்து குறைவாகவே போகும். பின்னாளில் வாய்ப்புண் தணியும். இவ்வளவு எளிய காரியம் இவ்வளவு பெரிய வேதனையைக் குறைக்கிறது.

ஓரிரு நாளில் ஸ்டெம் செல்கள் திரும்பி வரும். ரத்தம் ஏற்றுவது போல ஒரு பையிலிருந்து ட்யூப் வழியாக இறங்கும். உறைய வைத்த செல்கள் என்றால், அவற்றைக் காக்கச் சேர்த்த வேதிப்பொருளால் அறையில் பூண்டு வாடை அடிக்கும். அவ்வளவுதான் 'மாற்று'.

காத்திருக்கும் நாட்கள்

கடினமான கட்டம் இனிமேல்தான். வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், குமட்டல், முடி உதிர்தல் எல்லாம் வரலாம். ரத்தமும் தட்டணுக்களும் ஏற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு காலையும் குடும்பம் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும். பொதுவாக 10 முதல் 14 நாட்களில் எண்ணிக்கை ஏறத் தொடங்கும். விதை முளைத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். மருத்துவமனையில் மொத்தம் இரண்டு மூன்று வாரங்கள் தங்க வேண்டியிருக்கும். அனுபவமுள்ள மையங்களில் இந்தச் சிகிச்சையால் உயிரிழப்பவர்கள் நூற்றுக்கு ஓரிருவரே.

யாருக்குப் பொருந்தும்?

ஏறக்குறைய 65 முதல் 70 வயது வரை என்பது பொது வழக்கம். ஆனால் வயதைவிட இதயம், நுரையீரல், உடல் வலு ஆகியவையே முக்கியம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் மருந்தின் அளவைக் குறைத்துச் செய்ய முடியும். பொருந்தாதவர்கள் மனம் தளர வேண்டாம். டாராடுமுமாப் போன்ற புதிய மருந்துகள் அவர்களுக்கும் நல்ல பலன் தருகின்றன.

முழுக் குணமா?

நேர்மையாகச் சொன்னால், இல்லை. இது நோய் அடங்கியிருக்கும் காலத்தை நீட்டிக்கும் சிகிச்சை. 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூன்று மருந்துக் கூட்டுடன் இதையும் பெற்றவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் 67 மாதங்களைத் தாண்டியது. மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு அது சுமார் 46 மாதங்கள். ஆனால் ஆய்வுக் காலத்தில் உயிர் பிழைத்திருந்தவர்களின் விகிதத்தில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எனவே உடனே செய்வதா, செல்களை எடுத்து வைத்துக்கொண்டு நோய் திரும்பும்போது செய்வதா என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலானோர் பிறகும் லெனலிடோமைடு மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கும்.

வீடு திரும்பிய பின்

முதல் மூன்று மாதங்கள் கூட்டமான இடங்களைத் தவிருங்கள். நன்றாக வேகவைத்த உணவும் காய்ச்சி ஆறிய நீரும் போதும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பழைய எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடுவதால் தடுப்பூசிகளை மறுபடி போட வேண்டும். அதற்கான காலத்தை மருத்துவர் சொல்வார்.

முதல் மாதத்திலேயே கேளுங்கள்

இந்தியாவில் மஜ்ஜை மாற்று சிகிச்சை 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. வேலூர் சி.எம்.சி.யில் 1986இல் தொடங்கியது. இன்று பல நகரங்களில் இதற்கான மையங்கள் இருக்கின்றன. செலவு பெரிது என்பதால் காப்பீடு எவ்வளவு தரும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

லெனலிடோமைடை நீண்ட நாள் சாப்பிட்ட பிறகு போதுமான ஸ்டெம் செல்களைச் சேகரிப்பது கடினமாகிவிடும். ஆகவே மைலோமா என்று உறுதியான முதல் மாதத்திலேயே மருத்துவரிடம் கேளுங்கள்: "இவருக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பொருந்துமா? எப்போது செல்களை எடுத்து வைக்க வேண்டும்?" விதைநெல்லை நேரத்தில் எடுத்து வைத்தால்தான் அடுத்த விளைச்சல்.