தெரிந்ததற்கு எதற்கு மறுபடியும் கட்டணம்?

நியூஜெர்சியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் மாணவர் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பாதியில் விட்ட படிப்பைத் தொடர வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “டிகிரி முடிக்க எத்தனை வருஷம் ஆகும்?” என்பதுதான். பதில் சொல்வதற்கு முன்னால் நானும் ஒன்று கேட்பேன்: “உங்களுக்கு ஏற்கெனவே என்னென்ன தெரியும்?”

பலர் விழிப்பார்கள். தெரியாததைக் கற்றுக்கொள்ளத்தானே காலேஜ், தெரிந்ததை அங்கே யார் விசாரிப்பார்கள் என்ற எண்ணத்திலேயே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தக் கேள்விக்கு நிதானமாக யோசித்துப் பதில் சொன்னவர்கள் சிலருக்கு ஒரு வருடப் படிப்பும் பல ஆயிரம் டாலரும் மிச்சமாகியிருக்கின்றன.

அமெரிக்காவில் பட்டம் என்பது கிரெடிட் கணக்கு. ஒரு செமஸ்டர் பாடத்துக்குப் பெரும்பாலும் 3 கிரெடிட். இரண்டாண்டு அசோசியேட் பட்டத்துக்கு 60, நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்கு 120. எல்லாக் கிரெடிட்டையும் வகுப்பில் உட்கார்ந்துதான் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் பல கல்லூரிகளில் இல்லை. தெரிந்த பாடத்தில் தேர்வு எழுதிக் காட்டலாம். வேலையில் கற்றதை ஆதாரத்தோடு நிரூபிக்கலாம்.

இந்த வழியை அகலப்படுத்தியது இரண்டாம் உலகப் போர். ரேடியோ பழுதுபார்க்கவும் கப்பலுக்குத் திசை கணிக்கவும் அந்நிய மொழி பேசவும் ராணுவத்தில் பழகிய லட்சக்கணக்கான இளைஞர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய படிப்புச் செலவை ஏற்கும் சட்டம் 1944இல் வந்தது. பல வருடம் ரேடியோவைப் பிரித்து மாட்டியவரை அடிப்படை வகுப்பில் உட்கார வைப்பது யாருக்கு லாபம்? அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் என்ற அமைப்பு ராணுவப் பயிற்சிகளை ஒவ்வொன்றாக மதிப்பிட்டு, இதற்கு இத்தனை கிரெடிட் தரலாம் என்று கல்லூரிகளுக்குப் பரிந்துரைத்தது. அந்தப் பணி இன்றும் நடக்கிறது.

சிப்பாய்களுக்குக் கிடைத்த மதிப்பு மற்றவர்களுக்கும் வந்து சேர்ந்தது. 1967இல் காலேஜ் போர்டு என்ற தேர்வு அமைப்பு, வகுப்பில் உட்காராமல் தேர்வெழுதியே கிரெடிட் பெற உதவும் ‘கிளெப்’ தேர்வுகளைத் தொடங்கியது. 1972இல், எங்கள் மாநிலத் தலைநகர் டிரெண்டனில், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கென்றே ஒரு கல்லூரி பிறந்தது. இன்று அது தாமஸ் எடிசன் ஸ்டேட் யுனிவர்சிட்டி. பள்ளிக்கூடத்தில் சில மாதங்களே படித்த எடிசனின் பெயர் அதற்கு மிகப் பொருத்தம்.

பேரேடு எழுதிய கை

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் என்னைப் பார்க்க வந்தார். “எனக்கு என்னக்கா தெரியும்? பி.காம் ரெண்டாம் வருஷத்தோட நின்னுட்டு. பெறவு கல்யாணம் ஆகுற வரைக்கும் எங்க சித்தப்பா அரிசி மில்லுல கணக்கு எழுதுனேன், அவ்வளவுதான்” என்றார்.

அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு என்று விசாரித்தேன். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, வருடக் கடைசியில் ஆடிட்டரிடம் கொடுக்கும் இருப்புநிலைக் குறிப்பு வரை அத்தனையும் அவர் கையால் நடந்திருக்கிறது. எங்கள் காலேஜில் ஒரு முழு செமஸ்டர் நடத்தும் பாடத்தின் பெரும்பகுதி அது.

கிளெப்பில் ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங் என்றொரு தேர்வு உண்டு. 90 நிமிடம், ஏறத்தாழ 75 கேள்விகள், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுப்பவை. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. மதிப்பெண் 20இலிருந்து 80க்குள் வரும். இது சதவீதம் அல்ல. பெரும்பாலான பாடங்களில் 50 எடுத்தால் கிரெடிட் தரலாம் என்பது பரிந்துரை. அந்தப் பாடத்தை வகுப்பில் படித்து ‘சி’ கிரேடு வாங்கிய மாணவரின் தரம் அது. கட்டுரை எழுதும் தேர்வைத் தவிர மற்றவற்றில் முடிவு அங்கேயே திரையில் தெரிந்துவிடும். தவறிவிட்டால் மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதலாம். கட்டணம் சுமார் 100 டாலர். தேர்வு மையம் தனியாகச் சிறு தொகை கேட்கலாம். அதே பாடத்தை வகுப்பில் படித்தால் கம்யூனிட்டி காலேஜிலேயே சில நூறு டாலர், தனியார் பல்கலைக்கழகத்தில் சில ஆயிரம்.

தெரிந்த பாடம்தானே என்று தயாரிப்பில்லாமல் போகக் கூடாது. உதாரணமாக, கடைசியாக வாங்கிய சரக்கை முதலில் விற்றதாக வைத்துக் கணக்கிடும் ஒரு முறை அமெரிக்காவில் உண்டு. இந்தியக் கணக்கியல் விதிகள் அதை ஏற்பதில்லை. அரிசி மில்லில் அவர் அதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. இப்படியான இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு, மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு இணையத்தில் இலவசமாகத் தரும் பாடங்களைப் படித்தார். முதல் முயற்சியிலேயே தேறினார். அவருடைய பி.காம் மதிப்பெண் பட்டியலையும் வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனத்துக்கு அனுப்பச் சொன்னேன். பட்டம் முடியாவிட்டாலும் தேறிய தாள்களுக்கு மதிப்பு உண்டு.

ஆங்கிலக் கட்டுரைப் பாடத்துக்கும் தேர்வு எழுதிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அடுத்த எல்லாப் பாடமும் அந்த எழுத்தின் மேல்தான் நிற்கும். அதை ஆசிரியர் திருத்தத் திருத்தக் கற்பதே நல்லது. தெரிந்ததைத் தேர்வில் முடிப்பதன் பயனே, தெரியாததற்கு நேரத்தையும் பணத்தையும் தாராளமாகக் கொடுக்க முடிவதுதான்.

தமிழும் உதவலாம். கிளெப்பில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மட்டுமே உண்டு. ஆனால் ‘ஆக்ட்ஃபல்’ என்ற மொழியாசிரியர் அமைப்பின் வாய்மொழித் தேர்வைத் தமிழில் பேசியே முடிக்கலாம். அதை ஏற்கும் கல்லூரியா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்ததைச் சொல்லாதீர்கள், கற்றதைச் சொல்லுங்கள்

எல்லா அறிவுக்கும் தேர்வு கிடையாது. அதற்குத்தான், கற்றதை ஆதாரங்களோடு தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோ என்ற வழி. 1974இல் இங்கே பிரின்ஸ்டனில் தொடங்கிய ஒரு திட்டம், அனுபவத்தில் கற்றதை மதிப்பிடுவதற்கு விதிமுறைகளை வகுத்தது. இன்று ‘கேல்’ என்று அழைக்கப்படும் அமைப்பு அது. அதன் முதல் பாடத்தை எல்லாரிடமும் சொல்கிறேன்: கிரெடிட் கற்றலுக்குத்தான், கழிந்த வருடங்களுக்கு இல்லை.

கோயில் அன்னதானச் சமையலைப் பல வருடமாகப் பொறுப்பேற்று நடத்துகிறவர் ஒருவர் வந்தார் என்று வையுங்கள். ‘ஐந்நூறு பேருக்குச் சமைத்தேன்’ என்று எழுதினால் பேராசிரியர் பாராட்டுவார், கிரெடிட் தர மாட்டார். ஆள் கணக்கை வைத்து அரிசி பருப்பு அளவை எப்படித் தீர்மானித்தேன், ஒரு இலைக்கு என்ன அடக்க விலை, சாம்பார் எந்த வெப்பநிலைக்குக் கீழே போகக் கூடாது, ஏன், தொண்டர்களை எப்படிப் பிரித்து வேலை கொடுத்தேன் என்று எழுத வேண்டும். கல்லூரியின் பாடத்திட்டத்தை எதிரில் வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு நோக்கத்துக்கும் பதிலாக அதை எழுத வேண்டும். கூடவே கொள்முதல் கணக்கு, உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ், நிர்வாகியின் கடிதம். அந்தப் பாடத்தை நடத்தும் பேராசிரியரே இதைப் படித்து முடிவு செய்வார். சுலபமான வேலை இல்லை. ஆனால் இதை எழுதி முடித்தவர்கள் தங்களைத் தாங்களே புதிதாக மதிக்கத் தொடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பணம் கட்டுமுன் கவனிக்க வேண்டியவை

தேர்வு நடத்துவது ஒருவர், கிரெடிட் தருவது இன்னொருவர். இதை மறந்துதான் பலர் ஏமாறுகிறார்கள். சுமார் 2,900 கல்லூரிகள் கிளெப்பை ஏற்கின்றன. ஆனால் எந்தப் பாடம், எத்தனை மதிப்பெண், மொத்தம் எத்தனை கிரெடிட் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் கிளெப்பை ஏற்பதில்லை. பட்டத்தின் ஒரு பகுதியையாவது தங்களிடமே படிக்க வேண்டும் என்ற விதி ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு. ஒரு கல்லூரி கொடுத்த தேர்வுக் கிரெடிட்டை, நீங்கள் மாறிப் போகும் அடுத்த கல்லூரி தன் விதிப்படி மறுபடி பரிசீலிக்கும். மருத்துவப் படிப்புக்குப் போக நினைப்பவர்கள் அறிவியல் பாடங்களை வகுப்பிலும் ஆய்வகத்திலும் படிப்பதே பாதுகாப்பு. மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒவ்வொரு செமஸ்டரும் முழுநேரமாகப் பதிவு செய்ய வேண்டும். தேர்வில் வந்த கிரெடிட் அந்தக் கணக்கில் சேராது.

பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரி அளவுப் பாடத்தைப் படித்து, ஒவ்வொரு மே மாதமும் எழுதும் ஏ.பி. தேர்வும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மதிப்பெண் 1 முதல் 5 வரை. பல கல்லூரிகள் 3க்கே கிரெடிட் தரும், சில 4 அல்லது 5 கேட்கும். பிள்ளை போக விரும்பும் கல்லூரியின் பட்டியலைப் பார்க்காமல் பாடங்களை அடுக்காதீர்கள். பயன்படாத கிரெடிட்டுக்காகப் பிள்ளையின் தூக்கம் போக வேண்டாம்.

இத்தனை வருடத்தில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அந்த ‘அவ்வளவுதான்’. வீட்டுத் தொழிலில் உதவியது, கடையில் நின்றது, டேகேரில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டது எல்லாவற்றையும் நம் பெண்கள் அந்த ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். காலேஜுக்கு வருமுன் ஒரு தாளை எடுத்து, செய்த வேலைகளை எல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில், அதில் என்ன கற்றீர்கள் என்று எழுதுங்கள். அதோடு ஆலோசகரிடம் போய், இவற்றில் எதற்கெல்லாம் கிரெடிட் கிடைக்கும் என்று கேளுங்கள். ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தின் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டுவது அதற்குப் பிறகு.