காட்டு ரப்பர் மரங்களின் உறவறியும் முறை

நாம் நாள்தோறும் சீவும் ரப்பர் மரங்கள் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றுப் பகுதியில் திரட்டிய சுமார் 70,000 விதைகள் இங்கிலாந்தின் கியூ பூங்காவைச் சென்றடைந்தன. அவற்றுள் முளைத்தவை 3,000க்கும் குறைவு. 1877இல் சிங்கப்பூருக்கு வந்தவையோ 22 கன்றுகளே. ஆசியத் தோட்டங்களில் பரவிய மரங்களுள் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே விதைத் தொகுதியின் வழிவந்தவை.

உறவு நெருங்கினால் ஆபத்தும் நெருங்கும். தென்னமெரிக்க இலைக்கருகல் என்னும் பூஞ்சை நோய், பிரேசிலில் ஹென்றி போர்டு 1928இல் தொடங்கிய பெருந்தோட்டத்தைப் பாழாக்கியது. அந்நோய் ஆசியாவில் இன்னும் காலூன்றவில்லை. ஆயினும் ஒரு மரத்தை வீழ்த்தும் நோய் அதன் உறவு மரங்களையும் எளிதில் வீழ்த்தும். ஆகவே 1981இல் ஆராய்ச்சியாளர்கள் பிரேசிலின் ஆக்ரே, ரொண்டோனியா, மாட்டோ குரோசோ மாநிலக் காடுகளில் 60,000க்கும் மேற்பட்ட விதைகளைத் திரட்டினர். அவற்றில் ஒரு பகுதி மலேசியாவுக்கு வந்தது.

இத்தனை கன்றுகளில் எவை புதிய இரத்தம், எவை பழைய சொந்தம்? பார்வையால் சொல்ல இயலாது. மண்ணும் உரமும் நிழலும் மரத்தின் தோற்றத்தை மாற்றிவிடும். இலையிலுள்ள டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளை அவை அவ்வாறு மாற்றுவதில்லை.

அம்மரபுப் பொருள் நான்கு வகை இரசாயன எழுத்துகளால் ஆன நீண்ட இழையாகும். அதில் சில இடங்களில் ஜி, ஏ என்னும் இரண்டு எழுத்துகள் ஜிஏஜிஏஜிஏ என அடுக்கடுக்காக வரும். ஒரு மரத்தில் 12 முறை, மற்றொன்றில் 17 முறை என்று அந்த அடுக்கு வேறுபடக்கூடும். தாய் மரத்திடமிருந்து ஓர் அடுக்கும் தந்தை மரத்திடமிருந்து ஓர் அடுக்கும் கன்றுக்குக் கிடைக்கின்றன. இவ்விடங்களே மரபு அடையாளங்கள்.

அடையாளத்தை உருவாக்குவது பொறுமைக்குரிய வேலை. முதலில் அடுக்கு வரும் இடங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிறகு ஒவ்வோர் இடத்தின் இரு கரைகளிலும் பொருந்தும் சிறு துண்டுகளைச் செய்து, அவற்றின் துணையால் நடுவிலுள்ள பகுதியைப் பன்மடங்கு பெருக்குவர். அதைக் கூழ்ப் பலகையில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால் குட்டையான துண்டு முந்தி ஓடும், நீளமானது பின்தங்கும். எல்லா மரங்களிலும் ஒரே நீளம் காட்டும் அடையாளத்தால் பயனில்லை, அதைத் தள்ளிவிடுவர்.

இத்தகைய ஆய்வுகளின்படி, காட்டு மரங்கள் விக்காம் வழி மரங்களைவிட மிகுந்த வேற்றுமை உடையவை. பிறந்த வட்டாரத்துக்கேற்ப அவை தனிக் கூட்டங்களாகவும் பிரிகின்றன. எனவே கலப்புக்குத் தொலைவான சொந்தத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. ஆனால் உறவறியும் இவ்வடையாளங்கள் பாலின் அளவைச் சொல்லா. அதற்கு, கன்று வளர்ந்து வெட்டுக்கு வரும் ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து, பட்டையில் கத்தி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.