கட்டுப்பல்லுக்கு இரவில் ஓய்வு

பலரோடு ஒரே கூரையின் கீழ் தங்கியுள்ள முதியோர் சிலர், வெட்கத்தாலும் தொலைந்துவிடும் என்ற பயத்தாலும், இரவிலும் கட்டுப்பல்லைக் கழற்றுவதில்லை. இதனால் அண்ணம் சிவந்து புண்ணாகலாம். யப்பானில் 85 வயதும் அதற்கு மேலுமான 524 பேரை 3 ஆண்டுகள் அவதானித்து 2015இல் வெளியான ஆய்வில், கட்டுப்பல்லுடன் உறங்கியோருக்கு நியூமோனியா ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டது. ஆகவே பேரப்பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்; படுக்குமுன் கழற்றுங்கள்.

மென்மையான பற்தூரிகையும் சவர்க்காரமும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். சாம்பல், உமிக்கரி வேண்டவே வேண்டாம், பற்பசைகூடக் கீறும். கீறலில் அழுக்குத் தங்கும். கீழே தண்ணீர்ச் சட்டி இருந்தால், கை தவறி விழுந்தாலும் உடையாது. பின்னர் மூடியுள்ள போத்தலில், பல் மூழ்குமளவு குளிர்ந்த நீரில் இட்டு, தலைமாட்டில் வையுங்கள். காய்ந்தாலும் கொதிநீர் பட்டாலும் அது உருமாறி முரசில் பொருந்தாது. போத்தல் நீரை நாள்தோறும் மாற்றுங்கள்.