காசு கொடுத்த புல் காய்ந்தது; தெருப் புல் தழைத்தது!

தாம்பரம் பக்கம் ஒரு குமாஸ்தா. பி.எப். கடன் போட்டு வீடு கட்டினார். முன்னால் பத்தடிக்குப் பத்தடி காலி இடம். "கிரகப்பிரவேசத்துக்கு வாசல் பச்சைப் பசேல்னு இருக்கணும்" என்று ஆசை! சதுர அடிக் கணக்கில் கொரியன் புல் பாய் வாங்கி விரித்தார். ஒரே நாளில் வாசல் மாறிவிட்டது. வந்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

சித்திரை பிறந்தது. மோட்டார் காற்றை இழுத்தது. குடிக்கவே லாரித் தண்ணீர்!

"குடிக்கிறதுக்குத் தண்ணியா, புல்லுக்குத் தண்ணியா? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார் வீட்டம்மா. நியாயமான கேள்வி. ஒரே மாதத்தில் பாய் தேங்காய் நாராகிவிட்டது.

அதே வெயிலில், காம்பவுண்டுக்கு வெளியே அருகம்புல். ஆடு கடித்தது, சைக்கிள் ஏறியது, யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. அதுவும் மேலுக்குக் காய்ந்துதான் போனது. ஆனால் ஆடியில் ஒரு மழை விழுந்ததும் குப்பென்று துளிர்த்துவிட்டது!

மண்ணுக்குள் ரகசியம்

அருகுக்கு மண்ணுக்கு மேலும் தண்டு ஓடும், மண்ணுக்குள்ளும் ஓடும். இலை கருகினாலும் உள்ளே உயிர் இருக்கும். கல்யாண வீட்டில் பெரியவர்கள் 'அருகு போல் வேரூன்றி' என்று வாழ்த்துவது சும்மாவா?

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டதைச் சென்னைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் தினம் தண்ணீர் கேட்கும் புல் எதற்கு?

கோரைதான் எதிரி

குமாஸ்தா இரண்டாம் முறை அருகையே நட்டார். பக்கத்துக் காலி மனையில் சும்மா கிடைத்தது. செலவு, எருவுக்கும் கூலிக்கும்தான்.

கூலிக்கு வந்த பெரியவர் கெட்டிக்காரர். எடுத்த எடுப்பில் நடவில்லை. ஓரடி ஆழம் கொத்தி, கல், ஜல்லி, சிமெண்டுக் கட்டிகளைப் பொறுக்கினார். தண்ணீர் விட்டுப் பதினைந்து நாள் சும்மா போட்டார். "என்னய்யா, வேலையே ஆரம்பிக்கலையே?" என்று கேட்டதற்கு, "கோரை தலை தூக்கட்டும் சார்" என்றார். தூக்கியது. கிழங்கோடு தோண்டி எடுத்தார். ஒரு கிழங்கு தங்கினாலும் மறுபடி முளைக்கும். இதில் அவசரப்பட்டவர்கள்தான் பிறகு வருஷம் முழுக்கக் குனிந்து களை பிடுங்குகிறார்கள்!

அப்புறம் மக்கிய எருவைக் கலந்து, வீட்டுச் சுவரிலிருந்து தெருப் பக்கம் லேசாகச் சரியும்படி மட்டம் பார்த்தார். மூன்று நாலு கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, நாலு விரல் இடைவெளியில், கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினார். பலகை போட்டு மிதித்தார்.

முதல் இரண்டு வாரம் தினம் பூவாளியில் தண்ணீர். பத்தடிக்குப் பத்தடிக்கு மூன்று குடம் போதும். வேர் பிடித்த பிறகு வாரம் இரண்டு முறை. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரே விடலாம். சோப்புத் தண்ணீர் ஆகாது.

நடுவதற்கு ஆடி, ஆவணி நல்லது. ஐப்பசி அடைமழையில் நட்டால் துண்டுகள் மிதந்து போகும்.

குறையும் உண்டு

அருகுக்கு வெயில் வேண்டும். மாமர நிழலில் வராது. அங்கே 'பபலோ' என்று நர்சரியில் விற்கும் அகல இலைப் புல் தாங்கும். கடற்கரைப் பக்கத்து உப்பு மண்ணிலும் வரும். அருகுக்கு இன்னொரு குணம், ரோஜாப் பாத்திக்குள்ளும் நுழையும்! ஓரத்தில் செங்கல்லைப் புதைத்து வைக்க வேண்டும். வெட்டும்போது மொட்டையடிக்கக் கூடாது. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான்.

குமாஸ்தாவுக்கு இப்போது ஒரே தொல்லை. சதுர்த்தி வந்தால் போதும், பிள்ளையாருக்கு என்று சொல்லி அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வாசலில் கிள்ள வந்துவிடுகிறார்கள்.

"கிள்ளட்டுமே, கத்தரிக்கிற வேலை மிச்சம்" என்கிறார் வீட்டம்மா.